தணிக்கை செய்பவரிடம் கணக்குக் கேட்பது எப்படி?

வாசகர் கேள்வி: எங்கள் நகராட்சியின் கடந்த நான்கு ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிப் படித்தேன். ஒரே தடைகள், அதாவது தணிக்கையாளர் எழுதும் ஆட்சேபங்கள், ஆண்டுதோறும் வார்த்தை மாறாமல் வருகின்றன. நூலக வரி கட்டவில்லை, கடை வாடகை பாக்கி, குடிநீர் நிதியிலிருந்து பொது நிதிக்கு மாற்றிய பணம் திரும்பவில்லை, இப்படியே போகிறது. நகராட்சியில் கேட்டால் “அது தணிக்கைக்காரர் பார்த்துக்கொள்வார்” என்கிறார்கள். தணிக்கை அலுவலகத்தில் கேட்டால் “எழுதுவதோடு எங்கள் வேலை முடிந்தது, நடவடிக்கை நகராட்சிதான் எடுக்க வேண்டும்” என்கிறார்கள். அப்படியானால் இந்தத் தணிக்கைத் துறையைத் தணிக்கை செய்வது யார்? வரி கட்டும் ஒருவன் அதைக் கேட்க வழி இருக்கிறதா?

பதில்:

வழி இருக்கிறது. ஆனால் “தணிக்கைத் துறை தூங்குகிறது” என்று முதல்வர் தனிப்பிரிவுக்கு மனு போட்டால், அது சுற்றிச் சுற்றி அதே மாவட்டத் தணிக்கை அலுவலகத்துக்கே வந்து சேரும். “உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்ற ஒரு வரியோடு முடியும். துறையைப் பொதுவாகக் குறை சொல்லாமல், உங்கள் கையில் இருக்கும் அறிக்கையிலிருந்து ஒரே ஒரு தடையை எடுத்துக்கொள்ளுங்கள். அது எழுதப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று காகிதத்தின் வழியே பின்தொடருங்கள். துறை வேலை செய்கிறதா இல்லையா என்பதை அந்த ஒரு தடையே காட்டிவிடும்.

முதலில், “எழுதுவதோடு எங்கள் வேலை முடிந்தது” என்ற பதில் தவறு. தமிழ்நாடு உள்ளாட்சி நிதித் தணிக்கைச் சட்டம், 2014 தணிக்கையாளருக்கு எழுதும் அதிகாரத்தை மட்டும் தரவில்லை. சட்டவிரோதமாகச் செலவான பணத்தை அனுமதிக்க மறுக்கவும், கவனக்குறைவால் வந்த இழப்புக்குப் பொறுப்பானவர் மீது தண்டத்தீர்வை விதிக்கவும், அதாவது இழப்பை அவரிடமே வசூலிக்க ஆணையிடவும், அதில் இடம் உண்டு. நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, ஆணை போட்டு, மேல்முறையீட்டுக்கும் வழிவிட வேண்டிய நடைமுறை அது. நான்கு ஆண்டு ஒரே தடை எழுதியும் ஒரு நோட்டீஸ்கூடப் போகவில்லை என்றால், கேள்வி நகராட்சியோடு நிற்பதில்லை. தணிக்கைத் துறையிடமும் கேட்டாக வேண்டும்.

யாருக்கு மேல் யார்

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி எல்லாவற்றுக்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கை இயக்குநரே சட்டப்படியான தணிக்கையாளர். அவர் நிதித்துறையின் கீழ் வருகிறார். உங்கள் நகராட்சி, நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் கீழ் வருகிறது. தடை எழுதுபவரும் எழுதப்படுபவரும் வேறு வேறு செயலாளர்களிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள். அந்த அளவுக்கு இது நல்ல ஏற்பாடு. கிராம ஊராட்சிகளில் இந்த இடைவெளியும் இல்லை. அங்கே முதல் தணிக்கை துணை வட்டார வளர்ச்சி அலுவலர் (தணிக்கை) கையில் இருக்கிறது. அவர் ஊரக வளர்ச்சித் துறையின் ஆள். நிர்வாகம் செய்வதும் அதே துறைதான். உள்ளாட்சி நிதித் தணிக்கை அங்கே மாதிரிச் சோதனைதான் நடத்துகிறது. என் கணிப்பில் தமிழ்நாட்டு உள்ளாட்சித் தணிக்கையின் பலவீனமான கண்ணி இதுவே. ஆனால் உங்கள் பிரச்சினை நகராட்சி என்பதால் அதைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

இயக்குநருக்கு மேலே மூன்று கண்கள் உண்டு. ஒன்று நிதித்துறை. இரண்டாவது, சிஏஜி என்று எல்லோரும் சொல்லும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் மாநில அலுவலகம், அதாவது மாநிலக் கணக்காயர் (தணிக்கை). பதினோராவது நிதிக்குழு பரிந்துரைத்ததன் தொடர்ச்சியாக, 1971ஆம் ஆண்டின் சிஏஜி சட்டத்தின் 20(1) பிரிவின் கீழ் மாநிலங்கள் “தொழில்நுட்ப வழிகாட்டுதலும் ஆதரவும்” என்ற பணியைச் சிஏஜியிடம் ஒப்படைத்தன. இதன்படி உள்ளாட்சித் தணிக்கையாளர் தன் ஆண்டுத் தணிக்கைத் திட்டத்தைக் கணக்காயருக்கு அனுப்ப வேண்டும். கணக்காயர் சில உள்ளாட்சிகளைத் தானே சோதித்துப் பார்ப்பார். தேர்ந்தெடுத்த உள்ளாட்சிகளின் தணிக்கை அறிக்கைகளை வாங்கித் தணிக்கையின் தரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வார். மோசடி, அமைப்புக் குறைபாடு போன்ற பெரிய முறைகேடுகளை உள்ளாட்சித் தணிக்கையாளர் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். “தணிக்கைத் துறையைத் தணிக்கை செய்வது யார்” என்ற உங்கள் கேள்விக்கு நேரடியாகக் கிடைக்கக்கூடிய பதில் இந்த அலுவலகம்தான். அதன் பெயர் உள்ளூரில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

மூன்றாவது சட்டமன்றம். கணக்காயரின் ஆண்டு ஆய்வறிக்கையும் உள்ளாட்சித் தணிக்கை இயக்குநரின் ஆண்டறிக்கையும் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்பதைப் பதின்மூன்றாவது நிதிக்குழு செயல்திறன் மானியத்துக்கு நிபந்தனையாகவே வைத்தது. வைத்தார்களா, எந்த ஆண்டறிக்கை எந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்பது கேட்டால் கிடைக்கும் விவரம்.

தடை என்பது திருட்டு அல்ல

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. அறிக்கையின் கடைசியில் “தடைத் தொகை ரூ.3 கோடி” என்று இருந்தால், மூன்று கோடியைக் காணோம் என்று பொருள் இல்லை. ஒரு கோப்பைத் தணிக்கையின்போது எடுத்துக்கொடுக்கவில்லை என்றால், அந்தக் கோப்பின் முழுத்தொகையும் தடைக்குள் வந்துவிடும். அடுத்த மாதம் கோப்பு கிடைத்ததும் தடை போய்விடும். அதற்குள் துண்டறிக்கையில் “மூன்று கோடி ஊழல்” என்று அச்சடித்திருந்தால் அவதூறு வழக்கு உங்கள் வீட்டுக்கு வரும்.

ஆகவே உங்களிடம் இருக்கும் நான்கு அறிக்கைகளையும் மறுபடி எடுத்து, ஒவ்வொரு பத்தியையும் மூன்று நிறத்தில் குறியுங்கள். ஆவணம் காட்டப்படாத தடைகள் ஒரு நிறம்: வவுச்சர் இல்லை, அளவுப் புத்தகம் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு) தரவில்லை, ஒப்பந்தம் காணோம் என்ற வகை. வசூலிக்கவோ செலுத்தவோ வேண்டிய பணம் நின்றுபோன தடைகள் இரண்டாவது நிறம்: நூலக வரி, கடை வாடகை, கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்குப் பிடிக்க வேண்டிய 1 சதவீதம், ஒப்பந்ததாரர் பில்லில் பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருப்பது. விதியை மீறிச் செலவழித்த தடைகள் மூன்றாவது நிறம்: ஒரே வேலையைத் துண்டு துண்டாக்கி டெண்டரைத் தவிர்த்தது, ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது, செய்யாத அளவுக்குப் பணம் கொடுத்தது.

தணிக்கையின் தரத்தை அளக்க இந்த நிறங்கள் போதும். எல்லாப் பத்தியும் முதல் நிறமாகவே இருந்தால் தணிக்கையாளர் காகிதம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார், காகிதத்துக்குள் பார்க்கவில்லை. சாலை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுப் புத்தகத்தில் 120 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் என்று இருந்தால் 36 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கும். டேப் பிடித்தால் 105 மீட்டர்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 31.5 கன மீட்டர்தான் வேலை; 4.5 கன மீட்டருக்குக் கூடுதல் பட்டுவாடா. மேசைத் தணிக்கையில் இது ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் புத்தகத்திலுள்ள பெருக்கல் சரியாகவே இருக்கும். அதனால் “தணிக்கையின்போது எந்தெந்தப் பணிகள் நேரில் அளக்கப்பட்டன” என்று கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்று பதில் வந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. நீங்களாக அளக்கும்போது ஒரு எச்சரிக்கை: திருத்தப்பட்ட மதிப்பீடு, இறுதிப் பில் இரண்டையும் பார்க்காமல் முதல் பில்லை மட்டும் வைத்துக்கொண்டு கத்தக் கூடாது. இறுதிப் பில்லில் குறைத்திருப்பார்கள்.

நூலக வரியைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் குறிப்பிட்ட தடைகளில் பின்தொடர ஏற்றது நூலக வரிதான். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 பைசா வசூலிக்கிறார்கள். அது நகராட்சியின் பணமே அல்ல. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டியது. எடுத்துக்காட்டாக, ஓர் ஆண்டில் சொத்து வரி 80 லட்சம் வசூலானால் நூலகத்துக்கு 8 லட்சம் போயிருக்க வேண்டும். 3 லட்சம் போயிருந்தால் 5 லட்சம் பாக்கி. இதில் கருத்து வேறுபாட்டுக்கோ, ஆவணம் காணோம் என்ற சாக்குக்கோ இடமில்லை. வசூல் எவ்வளவு என்பது நகராட்சியின் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலில் இருக்கிறது. கட்டியது எவ்வளவு என்பது நூலக ஆணைக்குழுவின் வரவில் இருக்கிறது.

சுவையான விஷயம், நூலக ஆணைக்குழுவின் கணக்கையும் இதே உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைதான் தணிக்கை செய்கிறது. ஆக, கொடுக்க வேண்டியவர் கணக்கும் வாங்க வேண்டியவர் கணக்கும் ஒரே துறையின் கையில். நகராட்சி அறிக்கையில் “பாக்கி 5 லட்சம்” என்று எழுதியவர்கள், நூலக ஆணைக்குழு அறிக்கையில் அதே ஆண்டுக்கு அதே நகராட்சியின் பெயரில் “வரவேண்டியது 5 லட்சம்” என்று எழுதியிருக்கிறார்களா? இரண்டு அறிக்கைகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் தொகை ஒத்துப்போனால் தணிக்கை அந்த அளவுக்கு நேர்மையாக நடந்திருக்கிறது. ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால், இரு தணிக்கைக் குழுக்களும் தத்தம் முன்னிருந்த பதிவேட்டை மட்டும் நகலெடுத்துப் போயிருக்கிறார்கள். துறையிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

தடை எப்படி மறைகிறது

எழுதப்பட்ட தடைகளில் எத்தனை நீங்கின என்ற எண்ணிக்கையைத் துறை பெருமையாகச் சொல்லும். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். எப்படி நீங்கியது என்று பாருங்கள். நகராட்சி பதிலறிக்கை அனுப்பும். பிறகு தணிக்கை அலுவலரும் நகராட்சி அலுவலர்களும் கூட்டு அமர்வு நடத்துவார்கள். அங்கேதான் பெரும்பாலான தடைகள் போகும். அந்த அமர்வின் நடவடிக்கைக் குறிப்பில் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே ஒரு காரணம் இருக்கும்.

பணம் வசூலாகிச் செலுத்துச் சீட்டு எண்ணோடு நீங்கியிருந்தால் அதுதான் உண்மையான நீக்கம். ஆவணம் காட்டப்பட்டு நீங்கியிருந்தால் பரவாயில்லை. ஆனால் அந்த ஆவணத்தின் தேதியைப் பாருங்கள்; தணிக்கை முடிந்த பிறகு தயாரித்த அளவுப் பதிவா என்று தெரிந்துவிடும். நகராட்சி மன்றத்தின் பின்னேற்புத் தீர்மானத்தால் நீங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். செலவழித்தவர்களே தங்கள் செலவுக்குப் பிறகு ஒப்புதல் தந்துகொண்டது அது. விதி அனுமதிக்காத செலவை மன்றத் தீர்மானம் விதிக்குள் கொண்டுவர முடியாது. “பழைய ஆண்டுத் தடை, ஆவணங்கள் கிடைக்கவில்லை, அலுவலர் ஓய்வு பெற்றுவிட்டார்” என்று நீங்கியிருந்தால், யார் பரிந்துரைத்தார், எந்த நிலை அலுவலர் ஒப்புக்கொண்டார் என்பதைத் தனியாகக் கேளுங்கள். அலுவலர் ஒருவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில மாதங்களில் அவர் காலத்துத் தடைகள் கொத்தாக நீங்கியிருக்கின்றனவா என்பதையும் தேதிகளை வைத்துப் பார்க்கலாம். தடை நிலுவையில் இருந்தால் ஓய்வுகாலப் பலன்கள் சிக்கும் என்பதால் அந்த நேரத்தில்தான் அவசரம் பிறக்கும்.

எதை யாரிடம் கேட்பது

ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். நான்கு மனுக்கள், நான்கு பொதுத் தகவல் அலுவலர்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கணக்காயர் அலுவலகம் மத்திய அரசைச் சேர்ந்தது, அங்கே அந்த வில்லை செல்லாது. அஞ்சல் ஆணை அல்லது மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளம். இந்த ஒரு தவறால் மனு திரும்பி வருவது சகஜம்.

முதல் மனு நகராட்சிக்கு. எந்த ஆண்டுக் கணக்கைத் தணிக்கைக்கு எந்தத் தேதியில் ஒப்படைத்தார்கள், தணிக்கை அறிக்கை எந்தத் தேதியில் வந்தது, மன்றத்தில் எந்தத் தீர்மான எண்ணில் வைக்கப்பட்டது, அனுப்பிய பதிலறிக்கையின் நகல். இதை முதலில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நகராட்சி கணக்கையே இரண்டு ஆண்டு தாமதமாகக் கொடுத்திருந்தால், தாமதத்துக்குத் தணிக்கைத் துறையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

இரண்டாவது மனு மாவட்டத் தணிக்கை அலுவலகத்துக்கு, அதாவது உதவி இயக்குநர், உள்ளாட்சி நிதித் தணிக்கை. அதே ஆண்டுகளுக்குத் தணிக்கை தொடங்கிய தேதி, முடித்த தேதி, அறிக்கை அனுப்பிய தேதி. நிலுவைத் தடைப் பதிவேட்டில் உங்கள் நகராட்சிக்குரிய பக்கங்களின் நகல். கூட்டு அமர்வு நடவடிக்கைக் குறிப்புகள். தண்டத்தீர்வைப் பதிவேட்டில் உங்கள் நகராட்சிக்குரிய பக்கங்கள். நூலக ஆணைக்குழுவின் அறிக்கையையும் இங்கேயே கேட்கலாம்.

மூன்றாவது சென்னையிலுள்ள இயக்குநர் அலுவலகத்துக்கு. ஆண்டுத் தணிக்கைத் திட்டம், தணிக்கை நிலுவை பற்றி அரசுக்கு அனுப்பும் காலமுறை அறிக்கை, ஆண்டறிக்கையை அரசுக்கு அனுப்பிய தேதிகள், உங்கள் மாவட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் காலியிடங்களும். காலியிடக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலைக்கு நாலு பேரை வைத்துக்கொண்டு தரத்தை எதிர்பார்க்க முடியாது. அப்படியானால் உங்கள் புகார் போய்ச் சேர வேண்டிய இடம் நிதித்துறைதான்.

நான்காவது மாநிலக் கணக்காயருக்கு. தொழில்நுட்ப வழிகாட்டுதல் பணியின் கீழ் உங்கள் மாவட்டத்தில் எந்த உள்ளாட்சிகள் சோதிக்கப்பட்டன, உள்ளாட்சித் தணிக்கைத் துறையின் அறிக்கைகள் குறித்து என்ன கருத்துகள் அனுப்பப்பட்டன, உங்கள் நகராட்சி பற்றிப் பெரிய முறைகேடு என்று அந்தத் துறையிலிருந்து ஏதாவது தகவல் வந்ததா. தமிழ்நாட்டின் உள்ளாட்சிகள் குறித்த சிஏஜி அறிக்கைகள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. மனு எழுதும் முன் அவற்றைப் படித்துவிட்டால், துறையைப் பற்றிச் சிஏஜியே ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கிறார் என்பதை மேற்கோள் காட்ட முடியும்.

“ஏன்” என்று தொடங்கும் கேள்வி எதிலும் வேண்டாம். “ஏன் தண்டத்தீர்வை விதிக்கவில்லை” என்றால் அது தகவல் அல்ல, கருத்து என்று திருப்பிவிடுவார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. “தண்டத்தீர்வை குறித்து எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல்” என்று கேளுங்கள். அதேபோல “ஐந்து ஆண்டுத் தடைகளை அட்டவணையாகத் தருக” என்றும் கேட்கக் கூடாது. இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அவர்கள் கடமை, புதிதாகத் தயாரிப்பதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது. பதிவேட்டின் நகலைக் கேட்டு, அட்டவணையை நீங்களே போடுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். பக்கம் அதிகமாகும் என்றால் நேரில் பார்வையிடக் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். பதிவேட்டை நேரில் புரட்டும்போது நகலில் தெரியாத அடித்தல், திருத்தல், மையின் நிறமாற்றம் எல்லாம் கண்ணில் படும்.

இன்னொரு புதிய சிக்கல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு திருத்தப்பட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. அதனால் அலுவலர்களின் பெயரைக் கேட்காதீர்கள். “அந்தக் காலத்தில் பணியாற்றிய ஆணையர்” என்று பதவியைக் கேளுங்கள். பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மனுவிலேயே அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

மறுப்புகள் எப்படி வரும்

“தணிக்கை அறிக்கை ரகசியமானது” என்று வந்தால், 8ஆம் பிரிவின் எந்த உட்பிரிவின்படி என்று முதல் மேல்முறையீட்டில் கேளுங்கள். அப்படி ஓர் உட்பிரிவு கிடையாது. “சட்டமன்ற உரிமை மீறல்” என்று 8(1)(சி)யைக் காட்டினால், அது சட்டமன்றத்தில் வைக்கப்படவிருக்கும் தொகுப்பறிக்கைக்கு வேண்டுமானால் பொருந்தலாம். ஒரு நகராட்சியின் தனி அறிக்கைக்குப் பொருந்தாது. அதுதான் நகராட்சி மன்றத்திலேயே வைக்கப்படுகிறதே. “அலுவலக வளங்கள் வீணாகும்” என்று 7(9)ஐக் காட்டினால், அந்தப் பிரிவு கேட்ட வடிவத்தை மாற்றித் தரத்தான் சொல்கிறது, மறுக்கச் சொல்லவில்லை. “எங்களிடம் இல்லை, அவர்களிடம் கேளுங்கள்” என்றால், 6(3)இன்படி ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்பியிருக்க வேண்டும்.

30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். அங்கே வழக்கு எடுக்க நாளாகும். ஆகவே முதல் மேல்முறையீட்டு அலுவலரிடம் நேரில் போய்ப் பேசுவதில் வெட்கப்பட வேண்டாம். பாதி விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

காகிதங்கள் கையில் வந்தபின்

ஒரே பக்கத்தில் ஒரு காலவரிசை எழுதுங்கள். நிதியாண்டு முடிந்த தேதி, கணக்கு ஒப்படைத்த தேதி, தணிக்கை முடிந்த தேதி, அறிக்கை வந்த தேதி, பதிலறிக்கை போன தேதி, கூட்டு அமர்வு நடந்த தேதி. எந்த இடைவெளி பெரிது என்பதை வைத்து யாரிடம் போவது என்று முடிவு செய்யலாம். தாமதம் சின்னக் குற்றம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் உள்ளாட்சித் தணிக்கையை மேற்பார்வையிட்ட தணிக்கை ஆணையத்தை 2015இல் மூடி, வேலையைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2022–23 கணக்குகளுக்கான கெடுவில் 467 உள்ளாட்சி அமைப்புகளில் 5க்கு மட்டுமே தணிக்கை முடிந்திருந்தது. மேற்பார்வை செய்ய ஓர் இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்து, இப்போது மறுபடி ஓர் அலுவலகம் அமைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள்.

பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியத்துக்கு, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கும் பொதுவெளியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் சிட்டிஃபைனான்ஸ் தளத்தில் உங்கள் நகராட்சியின் பெயரைத் தேடுங்கள். “தணிக்கை செய்யப்பட்டது” என்று ஏற்றிய ஆவணத்தில் யார் கையெழுத்து, என்ன தேதி என்று பாருங்கள். உங்களுக்கு ஆர்டிஐயில் வந்த அறிக்கைத் தேதிக்குப் பல மாதம் முன்பே “தணிக்கை முடிந்தது” என்று அங்கே ஏறியிருந்தால், அந்த ஒரு முரண்பாட்டை மட்டும் வைத்து நிதித்துறைச் செயலாளருக்கும் கணக்காயருக்கும் எழுதலாம்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதில் பலர் குழம்புகிறார்கள். நகராட்சி மீதான புகாருக்கு உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது, ஆனால் தணிக்கைத் துறையை அது விசாரிக்காது. ஊழல் தடுப்புப் பிரிவுக்குப் போக, பணம் கைமாறியதற்கோ போலி ஆவணத்துக்கோ அடையாளம் வேண்டும். தணிக்கைத் தடை மட்டும் போதாது. தணிக்கைத் துறையின் செயலின்மைக்கு நிதித்துறையும் கணக்காயரும்தான் சரியான முகவரி. உங்கள் வார்டு கவுன்சிலர் நாணயமானவராக இருந்தால், தணிக்கை அறிக்கையை மன்றத்தில் விவாதத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள். பகுதி சபை கூடும்போதும் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் போவதானால் புகாராகப் போகாதீர்கள். “உள்ளாட்சி நிதித் தணிக்கை இயக்குநரின் கடைசி ஆண்டறிக்கை எந்த ஆண்டுக்கானது, எப்போது அவையில் வைக்கப்பட்டது, இந்த மாவட்டத்தில் தண்டத்தீர்வை விதித்த தொகை எவ்வளவு, வசூலானது எவ்வளவு” என்று தட்டச்சு செய்த கேள்வியாகக் கொடுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினரானால் இன்னும் ஆர்வமாக வாங்கிக்கொள்வார்.

கணக்காயருக்கு எழுதும் கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நூலக வரித் தடையின் நான்கு ஆண்டுப் பத்தி எண்கள், நகராட்சி அறிக்கையிலும் நூலக அறிக்கையிலும் உள்ள தொகைகள், தண்டத்தீர்வைப் பதிவேட்டில் அந்த இடம் காலியாக இருப்பதைக் காட்டும் நகல், தேதிகளின் பட்டியல். இணைப்புகளுக்குப் பக்க எண் போடுங்கள். அடுத்த ஆண்டுச் சோதனைக்கு உங்கள் நகராட்சியைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டு முடியுங்கள். தணிக்கைத் திட்டம் புதிய நிதியாண்டு தொடங்கும் முன்பே தயாராகும் என்பதால், ஜனவரிக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். மனுக்களும் மேல்முறையீடுகளும் எடுக்கும் காலத்தைக் கழித்துப் பார்த்தால் முதல் நகராட்சி மனுவை ஜூலையிலேயே போட்டுவிடுவது நல்லது.